முனகாத வண்டி

மரக்காணம்
9.6.2025

தமிழரசனுக்கு,

கடுதாசியைப் பார்த்ததும் மாமா இறங்கி வந்துவிட்டார் என்று பல்லைக் காட்டாதே. தீமிதி அன்றைக்குத் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்து, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பேசமாட்டேன் என்றுதான் செய்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னதே உன் அக்காதான். அவளையே உன்னிடம் போனில் கேட்கச் சொன்னேன். "உங்க பேட்டரி கதைய நீங்களே கேட்டுக்குங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்ல"ன்னுட்டா. வாட்ஸப்பில் எழுதலாமே என்பாய். எழுதினால் உடனே சிரிக்கிற பொம்மை அனுப்புவாய். கடுதாசி என்றால் நீ சிரிப்பது எனக்குத் தெரியாது.

நீ செய்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. கூனிமேடு பக்கம் மூடிப்போன விடுதியில் இருந்து நான் வாங்கி வந்த கோல்ஃப் வண்டியின் எட்டு பேட்டரியிலும் சார்ஜ் நிற்கவில்லை. உப்புத்தண்ணீரில் மிதக்க விட்டு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தேன். டிகிரி குறைவு. உப்புப் பாத்தியில் டிகிரி குறைந்தால் என்ன செய்வோம்? வெயிலுக்கு விடுவோம். மூடிகளைத் திறந்து வரப்பில் வரிசையாக வைத்தேன். டிகிரி ஏறத்தான் செய்தது. அதைப் பார்த்துவிட்டு, உப்பு வாருகிற அத்தனை பெண்கள் எதிரிலும் நீ கத்தினாய்: "எல்லாரும் வந்து பாருங்க, எங்க மாமா பேட்டரில உப்பு விளைய வைக்கிறாரு!" இன்றைக்கும் கடைத்தெருவில் ஒருவனும் விடுவதில்லை. "என்னா கலியபெருமாளு, பேட்டரி உப்பு எப்ப வாருவ?" என்கிறான்கள்.

அது போகட்டும். விஷயம் உன் அக்கா. என் பைக் வரப்பில் சறுக்கி, அவள் விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்த பிறகு அவளால் வரப்பில் நடக்க முடியாது. பைக்கில் ஏறமாட்டாள். ஏறு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அதற்குத்தான் அந்த வண்டியை வாங்கினேன். வண்டி ஓடியவரை தினமும் காலையில் உப்பளத்துக்கு வந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டு இருந்தாள். இப்போது வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

லித்தியம் லித்தியம் என்றாயே, அது என்ன என்று எழுது.

உன்மேல் கோபம் கொஞ்சமும் குறையாத,
கலியபெருமாள்


ஓசூர்
16.6.2025

கோபம் குறையாத மாமாவுக்கு,

சிரிக்கவில்லை. சத்தியமாக இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி பூவிழிதான் சிரித்தாள், அவளுக்கு நீங்கள் கற்பூரம் அணைக்கவில்லையே. அன்றைக்கு நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்கிறவர்கள் முன்னால் அப்படிச் சொன்னது தப்புதான் மாமா. மன்னிச்சுடுங்க.

ஆனால் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாத்தியில் தண்ணீர் போனால் உப்பு மிஞ்சும், நமக்கு வேண்டியதும் அதுதான். பழைய பேட்டரியில் ஓட ஓட ஆசிட்டெல்லாம் உள்ளே இருக்கும் ஈயத் தகட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சார்ஜ் போட்டால்தான் வெளியே வரும், வெயிலுக்கு வராது. நீங்கள் தண்ணீரை மட்டும் ஆவியாக்கிவிட்டீர்கள். தகடு காய்ந்துவிட்டது. டிகிரி ஏறியது நிஜம், உயிர் ஏறவில்லை. அந்த எட்டையும் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்.

நான் வேலை செய்யும் கடையில் ஸ்கூட்டர்களுக்கு லித்தியம் பேட்டரி கட்டுகிறோம். அக்காவின் வண்டிக்கு என் கையாலேயே ஒன்று கட்டித் தருகிறேன். எட்டுக்குப் பதில் ஒரே பெட்டி, மூடியே கிடையாது. தண்ணீர் ஊற்றவேண்டாம், ஆசிட் வாடை இல்லை, கை வேகாது. பேட்டரி வைக்கிற குழியின் அளவை மட்டும் அனுப்புங்கள்.

நானே வந்து மாட்டிவிடுவேன். ஆனால் மாமா, அதே கோயில் வாசலில் "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே"ன்னும் சொன்னீர்கள். எனக்கும் ரோஷம் இருக்கிறது. நீங்கள் உங்கள் வாயால் "வாடா" என்று கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வருவேன். எழுத்தில் கூப்பிட்டால் செல்லாது.

அக்காவுக்கு ஒரு முத்தம் என்று எழுத நினைத்தேன், நீங்கள் சொல்லமாட்டீர்கள். கேட்டதாகச் சொல்லுங்கள்.

தமிழரசன்


மரக்காணம்
25.6.2025

தமிழரசனுக்கு,

இதோடு நூல் வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் நீளம், வெள்ளை நூல் அகலம், முடிச்சுப் போட்ட நூல் ஆழம். டேப்பில் அளந்து எண்ணாக எழுதியிருக்கலாம். தப்பாக எழுதிவிட்டால் அதையும் ஊருக்குச் சொல்லி நீ சிரிப்பாய். நூல் பொய் சொல்லாது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மூடியே இல்லாத பெட்டி என்கிறாய். மூடி இல்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எப்படித் தெரியும்? எனக்குத் திறந்து பார்க்கவேண்டும். கண்ணாடிக் குழாய் விட்டுப் பார்க்காத எதையும் நான் இதுவரை நம்பியதில்லை.

உன் அக்கா இப்போது நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்கிறாள். உப்பு ஏற்றிப் போகும் லாரியை நிறுத்தி, ஒரு பிடி அள்ளிக் காட்டச் சொல்கிறாள். "இது நம்ம பாத்தி உப்பு இல்ல, மண்ணு கலந்திருக்குது"ன்னு டிரைவரிடம் சண்டை. நேற்று ஒரு லாரியும் வரவில்லை. பொழுது சாயும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலிக்குதா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னுவா. சாப்பிட்டியா என்றால் "ஆச்சு"ன்னுவா. அவ்வளவுதான் பேச்சு.

வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னது கோபத்தில் வந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், எழுத்தில். வாயால் கூப்பிட வழியில்லை. அம்மன் முன்னால் அணைத்த கற்பூரம் விளையாட்டா? நீ உன் ரோஷத்தை விடு.

கலியபெருமாள்


ஓசூர்
14.7.2025

மாமாவுக்கு,

ரோஷம் உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த பிறகு வந்தது, லேசில் போகாது. பெட்டியை அனுப்பிவிட்டேன். திண்டிவனம் லாரி ஆபீசில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு புது சார்ஜர், ஒரு மீட்டர், மாட்டுகிற விதத்தைப் படமாகப் போட்ட காகிதம் எல்லாம் இருக்கிறது. மரக்காணத்தில் எந்த எலக்ட்ரீஷியனும் அதைப் பார்த்து மாட்டிவிடுவார். கலர் மாறாமல் வயரைப் பூட்டச் சொல்லுங்கள். பழைய சார்ஜரைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வண்டி எடை பாதியாய்க் குறைந்த மாதிரி இருக்கும். காலை வைத்ததும் துள்ளும். எடை போதவில்லை என்று உப்பு மூட்டையைத் தூக்கிப் பேட்டரிக் குழியில் வைத்துவிடாதீர்கள், துருப் பிடித்து நாசமாகிவிடும். நீங்கள் வைப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

இப்போது எழுதுவதை இரண்டு தடவை படியுங்கள். பழைய பேட்டரி சார்ஜ் தீரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடும். இழுக்காது, மேட்டில் முனகும், நாமும் வீட்டுக்குத் திருப்பிவிடுவோம். லித்தியம் முனகாது. கடைசிச் சொட்டு வரைக்கும் ஒரே வேகத்தில் ஓடும். தீர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அப்படியே நின்றுவிடும். அதனால் வண்டியின் இழுப்பை நம்பாதீர்கள், ஸ்டியரிங் பக்கத்தில் வைக்கிற மீட்டரை நம்புங்கள். இருபதுக்குக் கீழே வந்தால் எங்கே இருந்தாலும் வீட்டுக்குத் திரும்புங்கள். உங்கள் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் அதுதான்.

அக்கா முதல்நாள் உப்பளம் போகும்போது என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தை விடக்கூடாது.

தமிழரசன்


மரக்காணம்
29.7.2025

மச்சானுக்கு,

(இது எழுத்துதான், குஷிப்படாதே.)

வண்டி ஓடுகிறது! பழைய எட்டையும் இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது, உன் பெட்டியை நானும் எலக்ட்ரீஷியனும் பேசிக்கொண்டே வைத்துவிட்டோம். காலை வைத்ததும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. உப்பு மூட்டையைக் குழியில் வைப்பேன் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? உன் கடுதாசி கையில் இருந்தும் வைத்தேன். அப்புறம் இறக்கிவிட்டேன்.

உன் அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டாய். முதல் பாத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். உட்கார்ந்தபடியே குனிந்து, அஞ்சம்மாள் அள்ளிக் கொடுத்த உப்பை வாயில் போட்டுப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பார்: "ஏன்டி அஞ்சம்மா, நான் ஒரு ரெண்டு மாசம் வரலன்னா வரப்ப இப்படியா வைப்பீங்க? ஆடு ஏறி மிதிச்ச மாதிரி இருக்குது!" எல்லோரும் சிரித்தார்கள். நான் வண்டிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உப்பளத்தில் கண் எரிவது சகஜம்தான், யாரும் கேட்கவில்லை.

பூஜையும் போட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூ போட்டு, பொட்டு வைத்தோம். வண்டிக்கு நெற்றி எது என்று யோசித்துப் பார்த்தால் ஸ்டியரிங் பக்கத்தில் அந்த மீட்டர்தான் வாகாக இருந்தது. உன் அக்கா அதன்மேல் மூன்று பட்டை சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள். லட்சணமாக இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

கலியபெருமாள்


ஓசூர்
2.8.2025

மாமா,

சந்தனத்தைத் துடையுங்கள். முதலில் துடையுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

அது மீட்டர்! அதைப் பார்த்துத்தான் வீடு திரும்பவேண்டும் என்று இரண்டு தடவை படிக்கச் சொன்னேன் அல்லவா? பொட்டு வைக்க முன்பக்கக் கண்ணாடி இல்லையா, பம்பர் இல்லையா? போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன், அவள் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு உங்களோடு உப்பளம் போய்விட்டாளாம், பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண்ணிடம் சந்தனம், மீட்டர் என்றேன். கோயில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டு "நல்லது அண்ணே"ன்னு வச்சிட்டா. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் அக்கா போன் சுவிட்ச் ஆஃப்.

இந்தக் கடிதம் சீக்கிரம் கிடைக்கட்டும்.

தமிழரசன்


மரக்காணம்
8.8.2025

மச்சானுக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. நாங்கள் நனைந்து வீடு வந்து சேர்ந்த மறுநாள்.

போனில் நீ கேட்டது பாதிதான். மீதியை எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். கடைசிப் பாத்தி வரை போய்விட்டோம். தெற்கே மேகம் கறுத்தது. மழைத்தண்ணி பட்டால் வாரி வைத்த உப்பு கரைந்துபோகும் என்று உனக்குத் தெரியும். பெண்கள் எல்லாம் கீற்று போட்டு மூட மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் திரும்பினோம். வண்டி நல்ல வேகம். துளி முனகல் இல்லை. நடு வரப்பில் நின்றுவிட்டது. காலால் மிதித்தேன். சாவியைத் திருகினேன். கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை, முதல் தூறல் விழுகிறது. அவளால் இறங்கி நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை.

நான் திட்டுவதை நிறுத்தியதும் அவள் பேசினாள். சத்தம் போடவில்லை.

"நான் வீட்ல செத்துக்கிட்டு இருந்தேங்க. ஒரு நாளா ரெண்டு நாளா. என் தம்பி வந்தா ஒரு நாள்ல வண்டி ஓடியிருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் ரோஷம் பெருசாப் போச்சு, நான் சின்னதாப் போயிட்டேன்."

மச்சான், இடுப்பு உடைந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி போகும் வழியில் "பைக்குக்கு ஒண்ணும் ஆவலியே"ன்னு கேட்டவள் உன் அக்கா. முனகவே தெரியாது. முனகாததால் நன்றாக இருக்கிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! வலிக்குதா என்று கேட்டுவிட்டு, அவள் இல்லை என்றதும் நிம்மதியாகப் போய்ப் படுத்தவன்.

அதற்கப்புறம்தான் போனை எடுத்தேன். அம்மனையும் நினைத்துக்கொண்டேன், தெய்வ குத்தம் வந்தால் என்னோடு போகட்டும் என்றேன். "மச்சான், உங்க அக்கா நனையுறாடா, என்னா பண்ணட்டும் சொல்லுடா"ன்னு நான் கத்தியது உனக்கு ஓசூரில் போன் இல்லாமலே கேட்டிருக்கும். நீ ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கிற சுவிட்சை வண்டியைக் கட்டி இழுக்கும்போது போடுகிற டோ என்ற பக்கம் தள்ளச் சொன்னாய், அப்புறம் வண்டியைத் தள்ளச் சொன்னாய். "இப்ப வண்டி லேசு மாமா, ஒரு ஆளே தள்ளலாம், தைரியமாத் தள்ளுங்க"ன்னாய். நான் பின்னால் இருந்து தள்ளினால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? அவள்தான் நகர்ந்து உட்கார்ந்து பிடித்தாள். மடியில் போனை வைத்துக்கொண்டு, நீ அங்கே இருந்து கத்த, நான் இங்கே மூச்சு வாங்க, "என்னாங்க, தள்ளுறீங்களா தூங்குறீங்களா?"ன்னு அதிகாரம் வேறு. வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிறது.

சத்தியத்தை மீறிவிட்டேனே என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அந்த அம்மன் பேருதான் எனக்கும். நான் சொல்றேன், அந்த சத்தியம் செல்லாது. போய் ஒரு கற்பூரம் ஏத்திட்டு வந்து இட்லி சாப்புடுங்க." போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

மழையில் தள்ளும்போது "அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து தொலைடா"ன்னு சொன்னேன். வாயால்தான் சொன்னேன். காதில் விழுந்ததா?

உன் மாமா,
கலியபெருமாள்


ஓசூர்
12.8.2025

அன்பு மாமா,

விழுந்தது. கடையில் எல்லோர் எதிரிலும் நின்று அழுதேன். முதலாளி யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிவிட்டார். எங்க மாமா என்னைத் திட்டிட்டாரு சார் என்றேன்.

இதைப் போனில் சொல்லத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். அக்கா சொன்னது எனக்கும்தான். வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தேனே, அவள் தினமும் வாசலில் உட்கார்ந்து லாரி பார்த்தாள் என்று நீங்கள் எழுதியும் நான் பஸ் ஏறவில்லையே. உங்களுக்குக் கற்பூரம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது, வெறும் வீம்பு.

வருகிற ஞாயிறு இல்லை, இந்த வெள்ளிக்கிழமையே வருகிறேன், பூவிழியும் வருகிறாள். மீட்டரோடு ஒரு மணியையும் வைத்துவிடுகிறேன். இருபதுக்குக் கீழே போனால் கத்தும், சந்தனம் பூசினாலும் கத்தும். ஆடி வெள்ளிக் கொழுக்கட்டையோடு நிறுத்தாமல், மறுநாள் எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

தமிழரசன்


மரக்காணம்
1.9.2025

மச்சானுக்கு,

இப்போது போனிலேயே பேசலாம். பேசிக்கொண்டும்தான் இருக்கிறோம். ஆனால் இதை எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

நீ போன மறுநாளே உன் அக்கா வண்டிச் சாவியைக் கேட்டாள். "மழையில நான்தான ஸ்டியரிங் புடிச்சேன், அப்ப எனக்குத் தெரியும்"ன்னா. நீ வைத்த மணியை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். பொட்டு இப்போது முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. கால் மிதி இடுப்புக்கு இழுக்குமோ என்று நான் நான்கு நாள் சாக்குச் சொன்னேன். டாக்டரிடமே கேட்டுவிட்டாள். மெதுவாக ஓட்டலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

இன்றைக்குக் காலையில் அவள் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் அஞ்சம்மாள் ஏறிக்கொண்டாள், எனக்குப் பின்சீட்டுதான் மிஞ்சியது. அது பின்பக்கம் பார்த்த சீட்டு, உனக்குத் தெரியும். போகிற வழி தெரியாது, வந்த வழிதான் தெரியும். வரப்பில் திரும்பினோம். என் பைக் சறுக்கிய இடம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, கம்பியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித் தெரிந்ததோ, முன்னால் இருந்தே கேட்டாள்:

"பயமா இருக்குதா? இருந்தா சொல்லிடுங்க. முனகாம உக்காந்திருக்காதீங்க."

பயமாகத்தான் இருந்தது. இருக்குது என்று சொன்னேன். வண்டியை மெதுவாக்கினாள்.

உன் மாமா,
கலியபெருமாள்